பொழுது சாய்ந்ததும் தகரத்தைக் கொடு

தமிழழகா,

நெற்றிக்குத் தையல் போடக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கடைசி பஸ்ஸில்தான் மலையேறுவேன். அதுவரை அப்பா உன் பொறுப்பு. சட்டியில் சாமைச்சோறு இருக்கிறது, மோர் விட்டுப் பிசைந்து கொடு. வாயில் திணிக்காதே, கடித்துவிடுவார்.

பொழுது சாய்ந்ததும், "பன்னி எறங்கிடுச்சுடா, கொல்லைய மேஞ்சிக்கினு கீது" என்று கதவை உதைப்பார். நேற்று மாதிரி, "கொல்லைய எப்பவோ வித்தாச்சு, படு" என்று கத்தாதே. கதவைப் பூட்டாதே. வழியை மறித்தால் அவர் கண்ணுக்கு நாம்தான் பன்றி. நீ பூட்டினாய், தடி என் நெற்றியில் இறங்கியது.

அந்தக் காலத்தில் கொல்லைக் காவல் பரணில் பன்றி விரட்ட அவர் தட்டிய எண்ணெய்த் தகரத்தை, சத்தம் தாங்கவில்லை என்று விறகுக்கு அடியில் ஒளித்தாயே, அதை எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன். கையில் கொடு. தட்டட்டும். நீயும் கூட நின்று கூச்சல் போட்டு விரட்டு. "பன்னி ஓடிடுச்சுப்பா" என்றால் தானாக வந்து படுப்பார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவரைக் கயிற்றில் கட்டிப்போட்டு மிதித்தாயே, அது என் கண்ணைவிட்டுப் போகாது. இன்னொரு தரம் அவர்மேல் கை வைத்தால், அந்தக் கையை நானே முறிப்பேன்.

அக்கா

கொடுவாளைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன். வாங்கி வராதே.

இன்னொன்று. என்னை அடித்தது அவருக்கு ஞாபகமே இல்லை. காலையில் என் நெற்றிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த உன்னைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆளு உன்னையும் அடிச்சானா, பாப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பழி உன்மேலேயே இருக்கட்டும்.