இரண்டாம் கியரில் இருந்த உன் கால்

கோபத்தில் செருப்பை எறிந்தாலும் குறி தவறாத என் அருமை அம்மாவுக்கு,

இதனால் இண்டூர் முதல் தருமபுரி வரையுள்ள பொதுமக்களுக்கும், சாலையில் படுத்திருக்கும் நாய்களுக்கும், மேலே இருக்கும் உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: நம் வெள்ளைக் காருக்கு நேற்று சாஃப்ட்வேர் அப்டேட் போடப்பட்டது. வண்டி இனிமேல் குலுங்காது.

நம்ப மாட்டாய். தானாகக் கியர் மாற்றும் வண்டி என்று ஆசையாக வாங்கினாய். அது ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் அப்பாவும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினோம். நீயோ சரியாக அந்த நேரம் பார்த்து, "உப்புமா நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாய். உப்புமாவுக்கு ஆதரவாக உலகத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது நம் காரில் மட்டும்தான்.

நீ போனபின் அப்பா வண்டியைத் தொடவே இல்லை. போன வாரம் எடுத்தார். தெரு முனை திரும்பியதும் ஒரு குலுக்கல். ஓரமாக நிறுத்திவிட்டார்.

"முடியலடா. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவ ஏதோ கேக்கப்போறான்னு காது காத்துக்கிட்டு கெடக்குது. வித்துடலாம்."

உன் வண்டியை விற்பதா? கெஞ்சிக் கூத்தாடி, தருமபுரியில் மெக்கானிக் பாயிடம் அவரைக் கூட்டிப்போனேன். பாய் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியைச் செருகி, லேப்டாப்பைத் திறந்தார்.

"கியர்பாக்ஸ் நல்லாத்தாங்க இருக்குது. உள்ள இருக்கிற சாஃப்ட்வேர்தான் பழசு. புதுசு ஏத்தினா குலுக்கல் நின்னுடும். ஆனா ஒண்ணுங்க, ஓட்டுறவங்க எப்படி மிதிக்கிறாங்கன்னு வண்டி கத்து வச்சிருக்கும். அது அழிஞ்சுடும். இதுவரைக்கும் ஆருங்க ஓட்டினது?"

"இவங்கம்மாங்க," என்றார் அப்பா.

அப்படியென்றால் உன் வலது கால் அதற்குள் இருந்திருக்கிறது, அம்மா. மண்ணுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தது அது மட்டும்தானா? அழிக்காவிட்டால் அப்பா விற்றுவிடுவார். அழித்தால் வண்டி நம்மிடம் இருக்கும், நீ அதில் இருக்க மாட்டாய். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

"நீயே சொல்லுடா," என்றார் அப்பா.

"ஏத்துங்க பாய்," என்றேன்.

பேட்டரி நடுவில் இறங்கிவிடக் கூடாதென்று சார்ஜர் மாட்டினார் பாய். திரையில் ஒரு கோடு மெல்ல நிறைந்தது. அவ்வளவுதான்.

திரும்பும்போது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சாஃப்ட்வேர் ஏறியதும் சாஃப்ட் ஆகிவிட்டது என்றேன். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "ஞாயித்துக்கெழம பாப்பாரப்பட்டியில உங்க பெரியம்மா வூட்டுக்குப் போயிட்டு வரலாமாடா?" என்றார். நீ போனபின் அவராக ஓர் இடத்துக்குப் போகலாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

இனி அவர் எங்கே வண்டி எடுத்தாலும் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். இது சத்தியம்.

அப்புறம், லேப்டாப்பில் அப்டேட் பட்டனை நானே அழுத்தினேன், கைகூட நடுங்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அது செல்லாது. அந்த நேரத்தில் நான் கடைக்குப் பின்னால் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அழுத்தியது அப்பா.

இப்படிக்கு,
உன் ஒரே மகனும் ஒரே தலைவலியுமான
முகிலன்