வாய்க்கு வந்த தேதி

அரசாங்கச் சாலை வேலைக்குப் போன என்னவருக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உழைக்க ஆண் இருக்கும் வீட்டுக்கு இனி நிவாரண மாவு கிடையாதென்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். பசியில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் சாலை வேலை முகாமில் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். நம் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

"என்னைக்கும்மா தவறினாரு?" என்று குமாஸ்தா கேட்டார். வாய்க்கு வந்தபடி ஆறாம் தேதி என்றேன்.

நேற்று மாவு கொடுக்கும்போது அவரே சொன்னார்: "முகாம்ல விசாரிச்சுட்டோம்மா. நீங்க சொன்ன தேதி சரியாத்தான் இருக்கு."

பார்க்காமலே முத்திரை குத்தியிருப்பார்கள், சோம்பேறிகள். மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. மூலையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஐந்தாம் தேதி போட்டிருக்கிறது. ஏழோ எட்டோ, ஏதாவது தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள்.

இன்னும் உங்கள் மனைவிதான்