பாறைக்குப் பக்கத்தில் நான்

டிச. 3, புதன்
காலையில் நல்ல குளிர். கீஸர் மறுபடி மக்கர். ஞாயிற்றுக்கிழமை இவருக்குக் கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும். மகள் நித்யாவும் நானும் இவர் கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தோம்.

ஆயிரக்கணக்கில் படம். எல்லாம் மடிப்புப் பாறை. வேல்ஸ் கடற்கரை, ஈரான் மலை, கிரீட் தீவு, ராஜஸ்தான். புனே பாறையெல்லாம் தோசை அடுக்கின மாதிரி மட்டமாகக் கிடக்கிறது என்று புலம்பிக்கொண்டே காலேஜில் நிலவியல் நடத்தியவர். லீவு விட்டால் போதும், எங்கே பாறை வளைந்து நெளிந்து கிடக்கிறதோ அங்கே கிளம்பிவிடுவார். மற்றவர்கள் கோயில் பார்த்தார்கள். நான் கல் பார்த்தேன்.

எல்லாப் படத்திலும் நான். ஆசையில் எடுத்ததில்லை. பாறையைப் படம் எடுத்தால் அளவு தெரிய பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டுமாம். சின்ன மடிப்புக்குச் சுத்தியல். பெரிய மடிப்புக்கு நான். "அசையாம நில்லு வசந்தா." காமிரா எப்போதும் அவர் கையில்.

நித்யா: "அம்மா, அப்பா எதுலயுமே இல்ல. ஏக் பீ நஹி."
எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

டிச. 4, வியாழன்
மதுரையிலிருந்து மதினி வந்தாச்சு, இவருடைய அக்கா. முருங்கைக்காய், அப்பளம், அழுகை எல்லாம் மூட்டையாக.

ஆதார் படம் வேண்டாம் என்றுவிட்டேன். திருடனைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி முழிக்கிறார்.

சாயங்காலம் ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று. கிரீட். கடலோரப் பாறை முழுக்கச் சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாகக் கேட்டு எடுத்துக் கொடுத்தாள். இவர் பல் தெரியச் சிரிக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அப்படிக் காற்று, தள்ளிவிடும் என்று பயம்.

மதினி பார்த்தாள். "நல்லாருக்கான். ஆனா நீயும் இருக்கியேத்தா. உசுரோட இருக்கவ படத்துக்கு மாலை போடக் கூடாது. ஒன்னய எடுத்துரச் சொல்லு."

எனக்கும் தெரிந்த சாஸ்திரம்தான். ஆனாலும் சுருக்கென்றது. இருப்பதே ஒரு படம். அதிலிருந்தும் என்னைப் பிரிக்க வேண்டுமா? 

டிச. 5, வெள்ளி
சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் பிரேம் கடை. வழியில் ஊதுபத்தி, வெற்றிலை. வாழை இலை கிடைக்கவில்லை.

கடைக்காரர் திரையில் என்னை அழித்தார். ஒரு நிமிஷ வேலை. நான் நின்ற இடத்தில் பாறையை இழுத்து நிரப்பினார். மடிப்பு தப்பு. இவர் இருந்திருந்தால் சண்டைக்கே போயிருப்பார்.

இவர் முழங்கைக்கு மேல் என் விரல்கள் மட்டும் மிச்சம். "தாயி, ஹே பண் காடூ கா?" இதையும் எடுத்துவிடவா என்று கேட்கிறார்.

"நக்கோ. ராஹு த்யா" என்றேன். இருக்கட்டும்.

மதினியிடம் சொல்லவில்லை. பிரேமைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன்.

டிச. 7, ஞாயிறு
ஐயர் தாமதம். டிராபிக்காம். அபார்ட்மென்ட் சொசைட்டியில் எல்லாரும் வந்திருந்தார்கள், ஹால் கொள்ளவில்லை. பாயசத்தில் சர்க்கரை குறைவு.

மாலையை மதினிதான் எடுத்தாள். படத்துக்குக் கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் கத்தப்போகிறாள், படத்தைக் கழற்றச் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன்.

மாலையைப் போட்டாள். ஒரு பக்கத்தை மட்டும் ஓரமாக இழுத்து, தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். விரல்கள் மாலைக்கு வெளியே.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு சொன்னாள்: "மாலை ஒம்மேல படலத்தா. நீ பிடிச்சுக்க."