காட்டுக்கு மேலே மேகம்

செப்டம்பர் 7, ஞாயிறு

தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது சுரேந்தரின் அழைப்பு. இந்தோனேசியாவில், கலிமந்தானில் ஒரு தோட்ட முதலாளிக்கு விமானம் ஓட்டப் போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் பேசுகிறான். விவாகரத்தாகி இரண்டு வருடம் கழித்து அதே ஆளோடு மணிக்கணக்காகப் பேசுகிறேன் என்று யாரிடம் சொல்வது? தீபாவளிக்கு வருகிறானாம். "ஹோட்டல் வேணாம் கவி, நம்ம வீட்டுக்கே வரட்டா?" யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? சும்மா பிகு.

செப்டம்பர் 11, வியாழன்

சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் வேலை நடுவே கைப்பேசியில் செய்தி. கலிமந்தானில் தோட்ட முதலாளி ஒருவரை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிய சிறிய விமானத்தை நேற்று மதியத்திலிருந்து காணவில்லை. மலைக்காடு. விமானி சிங்கப்பூரர். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, முதலாளி பெயர் இருக்கிறதே; அவருக்கு ஓட்டுவது இவன் ஒருவன்தான்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? நான் யார் இப்போது?

செப்டம்பர் 12, வெள்ளி

மனசு கேட்காமல் தோ பாயோவில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ரத்தினம்மா கதவைத் திறந்து "வா" என்றார். அவ்வளவுதான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அங்கே மேகம் விலகாததால் ஹெலிகாப்டர் கிளம்பவே இல்லையாம்.

எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது அவரை என்னவென்று கூப்பிடுவது? அத்தை என்று அழைக்கும் உரிமை கோர்ட்டோடு போயிற்று. செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் லிஃப்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

காலையிலேயே ரத்தினம்மாவின் போன்.

"ஏன்மா சொல்லிக்காம போனே? சாவு வீட்டிலதான் அப்படிப் போவாங்க. எம் பையன் செத்துட்டான்னு நீயும் முடிவு பண்ணிட்டியா?"

ஐயோ, எனக்கு அது தோன்றவே இல்லை. அழுகையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஞாயிறு பேச்சு, தீபாவளி, நான் சொல்லாமல் விட்ட பதில். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இப்ப கிளம்பி வா. போறப்ப ஒழுங்கா சொல்லிட்டுப் போ."

செப்டம்பர் 14, ஞாயிறு

போன் அடிக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

வேலை முடிந்தால் தோ பாயோதான். மேகம் விலகி, ஹெலிகாப்டர் சுற்றுகிறது. ஒன்றும் தெரியவில்லையாம். "மரம் மூடிட்டா மேலேர்ந்து எப்படித் தெரியும் லா?" என்றார் சுரேந்தரின் சித்தப்பா பரமசிவம். "தெரியலைன்னா கீழ எறங்கிப் பாக்கட்டும்" என்றார் அத்தை. அங்குள்ள ஊர்க்காரர்கள் நடந்தே உள்ளே போயிருக்கிறார்கள்.

"வரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். "வாம்மா" என்கிறார்.

அங்க மழை பெய்யுதாடா? குடிக்கத் தண்ணியாவது கெடைக்குதா? வீட்டுக்கே வா. ஹோட்டல்லாம் வேணாம். கேக்குதா?

செப்டம்பர் 24, புதன்

ஹெலிகாப்டர் தேடலை நிறுத்திவிட்டார்கள். ஊர்க்காரர்கள் நிறுத்தவில்லை. முகம் தெரியாத அவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன்

கிடைத்துவிட்டது. மலைச்சரிவில், மரங்களுக்கு அடியில். அவன் இருக்கையிலேயே இருந்தானாம்.

அடையாளம் பார்த்துக் கூட்டிவர யார் வருவீர்கள் என்று அதிகாரி போனில் கேட்டார். பரமசிவம் சித்தப்பா கை நீட்டினார். அத்தை போனைக் கொடுக்கவில்லை.

"எம் மருமக வருவா" என்றார்.

சித்தப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "மருமகதான்" என்றார் அத்தை, அவரைப் பார்த்தே. இதைக் கேட்க அவன் இல்லையே.

நாளைக் காலை விமானம். அவனுக்குப் போட எந்தச் சட்டை எடுக்கலாம் என்று அத்தை அலமாரியைத் திறந்து நின்றார். நீலக் கட்டம் போட்டது என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினார்.

அது என் வீட்டில் இருக்கிறது, அத்தை. பிரிந்தபோது எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். அதை மட்டும் கொடுக்கவில்லை.