மற்றக் கதவுக்குப் பின்னால்

கிளிநொச்சி
மார்ச் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் எங்கள் சின்னவள் யதுசா மண்ணில் எழுதியதைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் இடம்பெயர்ந்து வந்து தங்கியிருக்கும் நெல்லுக் களஞ்சியத்தின் முற்றத்தில் அவள் ஈர்க்கால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 7 × 8 =. 7 × 9 =. எல்லா வரிகளும் சமன் அடையாளத்தோடு நின்றன. ஒன்றுக்கும் விடை இல்லை. தெரியாமல் விட்டாளாக்கும் என்று நினைத்து, ஏன் என்று கேட்டேன். “விடை மற்றக் கதவுக்குப் பின்னாலை கிடக்கு அக்கா” என்றாள்.

பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு நாளும் அவள் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று யன்னலால் பார்த்திருக்கிறாள். அந்த யன்னலுக்கு இரண்டு கதவு. ஒன்றை எப்போதும் பூட்டியே வைத்திருப்பார்கள். கரும்பலகையில் பாதிதான் அவளுக்குத் தெரியும்.

தை மாதம் அம்மாவும் நானும் பள்ளிக்கூட அதிபர் வீரகத்தியிடம் போனதை எழுதியிருந்தேன். பழைய பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் கொண்டு வரச் சொன்னார். “பள்ளிக்கூடத்துக்குள்ளை ஆமிக்காரன் துவக்கோடை இருக்கிறான் சேர், அவனிட்டைப் போய்க் கேக்கவோ?” என்று அம்மா கேட்டா. அவர் சிரிக்கவில்லை. பிள்ளைகள் இருக்க வாங்குகளும் இல்லை, ஒரு வாங்கில் நாலு பேர் இருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு, “கரையிலை நல்லா மீன் பட்டால் நாளைக்கே போயிடுவியள்” என்றும் சொன்னார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கிணற்றடியில் ஆட்கள் நின்றால் வெறும் குடத்தோடு திரும்பி வருகிறவள்.

பள்ளியில் சேர்க்காவிட்டால் பாஸ்காத் திருநாளுக்குக் கரையிலிருந்து வந்து சின்னவளைக் கூட்டிப் போகிறேன், கருவாடு காயப்போடட்டும் என்று எழுதியிருந்தீர்கள். என்னையும் அப்படித்தான் எட்டாம் ஆண்டோடு மறித்தீர்கள். அப்போது நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், கோபிக்காதீர்கள். அவளை அனுப்பமாட்டேன்.

களஞ்சியத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் உங்களோடு கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள்தானே. யூட்சன், றொமேஸ் எல்லோரையும் கூட்டிப்போய் அந்த யன்னலுக்கு நேரே, வேலிக்கு வெளியே வேம்பின் கீழ் இருத்தினேன். வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கலாம் என்று எழும்பினால் குரல் வரவில்லை. றொமேஸ், “அக்கா, மீன் மாதிரி வாயை மட்டும் திறக்கிறியள்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

சத்தமாகச் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். வலை இழுக்கும்போது நீங்கள் பாடும் அம்பாப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, “ஈரேழு பதினாலு” என்று அந்த இழுப்பிலேயே சொன்னேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கயிறு பிடித்தவர்கள் போலச் சாய்ந்து, “பதினாலு ஏலேலோ” என்று இழுத்தார்கள். வேம்பில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது.

அதிபர் வந்துவிட்டார். “பிள்ளை, உள்ளுக்குப் பாடம் நடக்குது, நிப்பாட்டு” என்றார். ஆனால் கயிற்றைப் பிடித்தால் வலையின் மடி கரையில் முட்டும்வரை ஒருவரும் விடக்கூடாது, நடுவில் விட்டால் மீன் எல்லாம் போய்விடும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள். அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, “ஏழேழு நாற்பத்தொன்பது” என்றேன். அடுத்து “ஏழெட்டு” என்று தொடங்கினேன். விடை வரவில்லை அப்பா. மறந்துபோனேன். பிள்ளைகள் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார்கள். அதிபரும் பார்த்தார்.

அப்போது யன்னலுக்கு உள்ளே இருந்து முழு வகுப்பும், “ஐம்பத்தாறு ஏலேலோ” என்று கத்தியது.

வாய்ப்பாடு முடியும்வரை அதிபர் அசையவில்லை. முடிந்ததும் யதுசாவைக் காட்டி, “இவளை நாளைக்கு அனுப்பு, ஒரு இடம் பாக்கிறன். மற்ற ஆக்களுக்கு ஏலாது” என்றார். “மற்ற ஆக்கள் இதிலை இருப்பினம் சேர்” என்றேன். அதுதான் நான் அவரோடு கதைத்த முதல் கதை. “சத்தம் போடுவியளோ?” என்று கேட்டார். “ஓம் சேர்” என்றேன். அவர் திரும்பி உள்ளே போனார்.

நேற்று யதுசா உள்ளே போனாள். நாங்கள் வேம்பின் கீழ் இருந்தோம். மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் யன்னலில் கொண்டி இழுபடும் சத்தம் கேட்டது. பூட்டியிருந்த கதவு திறந்தது. யதுசாவின் கைதான். ரீச்சர் திரும்பிப் பார்த்தா, சாத்தவில்லை. கரும்பலகை முழுதாகத் தெரிந்தது.

அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்துவிட்டது. சவர்க்காரம் கிடைப்பதில்லை, பனங்காயில் உடுப்புத் தோய்க்கிறோம். கடல் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் அம்மா செபமாலையைக் கையில் எடுத்துவிடுவா. கவனமாக இருங்கள்.

இந்தக் கடிதத்தை உங்களோடு வலை இழுக்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். யூட்சனின் அப்பாவிடமும் சொல்லுங்கள், மகனைக் கூட்டிப்போக வர வேண்டாம் என்று. பாஸ்காவுக்கு நீங்கள் வந்தால், யதுசாவைத் தேடி உள்ளே போகாமல் வேம்படிக்கு வாருங்கள். உங்கள் குரல் பெரியது, வாய்ப்பாடு இழுக்க உதவும். எங்களுக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஜெயரூபினி

சங்கிலி அண்ணையின் கருவாட்டு லொறி வந்துவிட்டது. பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். இதை அவரிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போகிறேன். இன்றைக்கு எட்டாம் வாய்ப்பாடு.