பிஸ்கட் நின்ற இடம்

செப்டம்பர் 6

பட்டன், உன் ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே உன்னைக் கூப்பிட வாய் திறந்தால் காற்றுதான் உள்ளே போகிறது. வயோமிங்கில் மரமே இல்லை என்று நீ சொன்னபோது நம்பவில்லை.

உன் மாட்டுப் பண்ணை முதலாளி வெர்ன், பஸ் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். பாதி வழி வண்டி ஓட்டினார். அப்புறம், "உன் தம்பி வேக வெச்ச பீன்ஸ நாய்கூடத் திங்காதும்மா" என்றார். சிரித்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் சாமான் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது. அது போக ஒரு சேணம், ஒரு குதிரை. குதிரையை இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 7

பார்த்தேன். மணல் நிறம், கறுப்புப் பிடரி. உன் பிஸ்கட். கிட்டே வந்து என் கையை மோந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

இதை வேறு யாரிடம் சொல்வேன்? ஜூன் மாதம் நீ மேட்டுக்கு வேலிக் கம்பி கட்டப் போனாய். நெஞ்சு அடைத்து விழுந்தாய். இந்தக் குதிரை உன் பக்கத்திலேயே நின்றதாம். பொழுது சாயும்வரை நின்றதாம். மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

வர்ஜீனியாவில் என் லாயத்துக் குதிரைகள், ஆள் விழுந்தால் லாயத்துக்கு ஓடிவரும். வெறும் சேணத்தோடு ஒரு குதிரை வாசலில் வந்து நின்றால் போதும், போட்டது போட்டபடி எல்லோரும் தேடக் கிளம்புவோம். நரி வேட்டைக்கு வந்து பள்ளத்தில் விழுந்த பணக்காரர் எத்தனை பேரை அப்படித் தூக்கி வந்திருக்கிறோம். இது ஏன் வரவில்லை? வீட்டுக்கு வழி தெரியாதா? நீ கிடக்கிறாய், இது பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டு நின்றதா?

எனக்கு இது வேண்டாம்.

செப்டம்பர் 8

ஏலத்துக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

வெர்ன் தாடையைத் தடவினார். "லாரி இருபத்தொண்ணாந்தேதிதான் வரும். அதுக்குள்ள மலையிலேர்ந்து மாட்டையெல்லாம் எறக்கணும். ஒரு ஆள் குறையுது. நீ குதிரக்காரிதானே?"

"எங்க சவாரி வேறங்க. இங்கிலீஷ்காரன் பழக்கினது."

"அங்கயும் குதிரைக்கு நாலு கால்தானேம்மா?"

மற்ற குதிரைக்கெல்லாம் ஆள் இருக்கிறது. மீதி இருப்பது பிஸ்கட் மட்டும். சரி என்றேன். சும்மா உட்கார்ந்தால் உன் பெட்டியைத்தான் திறந்து திறந்து பார்ப்பேன்.

செப்டம்பர் 9

வெட்கக்கேடு.

நான் சின்ன வயதிலிருந்து குதிரை மேல் இருக்கிறவள். பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் குதிரை மேல்தான். என் சேணம் கைக்குட்டை கனம். உன் சேணம் சாய்வு நாற்காலி! முன்னால் ஒரு கொம்பு வேறு. எங்களுக்கு இரண்டு கையிலும் கடிவாள வார், குதிரையின் வாயோடு எப்போதும் ஒரு மெல்லிய பிடி. கைகோத்து நடக்கிற மாதிரி. அப்படியே பிடித்தேன். பிஸ்கட் பின்னால் நடந்தது. காலால் அழுத்தினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. கடைசியில் பட்டிக் கம்பத்தில் போய் முட்டினோம்.

உன்னோடு மாடு ஓட்டின டெல்லா வேலி மேல் உட்கார்ந்து புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஏய் வர்ஜீனியா! மாடு முன்னாடி இருக்கு!"

அப்புறம் எப்படியோ ஓட வைத்தேன். பழக்கதோஷத்தில், எங்கள் ஊர் முறைப்படி, குதிரையின் ஓட்டத்துக்கு ஏற்ப எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். "ஏம்மா, சீட்டுல முள்ளா குத்துது?" என்று மறுபடி அவள்தான். பக்கத்தில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு இறங்கி வந்து வாரைத் தளர்த்திவிட்டாள். "நீ வாயப் புடிச்சா அவனுக்குப் பின்னால போன்னு அர்த்தம். விட்டுடு. ஒத்தக் கையில லேசா வெச்சுக்க. கழுத்துல வார் பட்டாப் போதும், திரும்பிக்குவான்."

விட எனக்கு வரவில்லை, பட்டன்.

செப்டம்பர் 10

மழை. உடம்பெல்லாம் வலி.

செப்டம்பர் 12

சேணத்தில் கால் வைக்கிற உன் அங்கவடி எனக்கு நுனிக்காலுக்குத்தான் எட்டுகிறது. டெல்லா அதை ஏற்றிக் கட்ட முடிச்சை அவிழ்க்க வந்தாள். வேண்டாம் என்றேன்.

"காலத் தொங்கப் போட்டுக்கிட்டு மலை ஏறப் போறியா? அவன் இருந்தா உன்னத் திட்டுவான்."

"அவன் என்னத் திட்டவே மாட்டான்."

"அப்ப நான் திட்டுறேன். எறங்கு."

இரண்டு பேருமாக அவிழ்த்தோம். நீ கால் வைத்த அளவு அந்தத் தோலில் ஒரு கோடாக மடிந்து கிடக்கிறது. என் அளவு அதற்கு மேலே. சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டு என் இடுப்பில் உட்கார்ந்து அழுத பயல், எப்போதடா இத்தனை உயரம் வளர்ந்தாய்?

செப்டம்பர் 14

இன்று ஒற்றைக் கையில் ஓட்டினேன். வாரைக் கழுத்தில் சாய்த்தேன், திரும்பியது. உட்கார்ந்தபடி மூச்சை விட்டேன், நின்றது. எங்கள் லாயத்தில் இப்படி ஒன்று இல்லை. நன்றாகப் பழக்கியிருக்கிறாய்.

அதனால்தான் கோபம் இன்னும் ஏறுகிறது. இத்தனை புத்தி உள்ள ஜீவன் அன்றைக்கு மட்டும் —

செப்டம்பர் 17

இரண்டு நாளாக மலையில். எழுத முடியவில்லை. இப்போது எழுதிவிட வேண்டும்.

காப்பி குடிக்க இறங்கினோம். நான் வாரை முழங்கையில் மாட்டிக்கொண்டு நின்றேன். டெல்லா தன் குதிரையின் வாரை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் புதர்ப் பக்கம் நடந்தாள்.

"ஏய், கட்டாமப் போறியே! ஓடிடும்!"

"கட்டிட்டுத்தானே போறேன்."

"எதுல?"

"தரையில." திரும்பி வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க ஊர்ல இது கெடையாதா? இங்க மரமா இருக்கு கட்டுறதுக்கு? வாரைக் கீழ போட்டா நில்லுன்னு அர்த்தம். திருப்பி எடுக்குற வரைக்கும் அசையக் கூடாது. இதுல உன் தம்பி குதிரைய அடிச்சுக்க ஆளே கெடையாது. ஆலங்கட்டி மழையில நாங்கள்லாம் லாரிக்கு அடியில போய்ப் பூந்துக்கிட்டோம், பிஸ்கட்டு ஆணி அடிச்ச மாதிரி நின்னான். உன் தம்பி அழுதுகிட்டே ஓடிப் போய் வாரை எடுத்தான்."

நான் கேட்டேன். "அன்னைக்கு?"

டெல்லா காப்பியைக் கீழே கொட்டினாள். "வார் தரையில கெடந்துச்சு. காலடிப் புல்லுகூடக் கடிக்காம நின்னான். வெர்ன் அத எடுத்து என் கையில குடுத்தப்புறம்தான் நகந்தான்."

செப்டம்பர் 18

உன் பேச்சைக் கேட்டுத்தான் நின்றிருக்கிறது.

செப்டம்பர் 19

மேட்டுக்குப் போனேன். பிஸ்கட் மேல்தான் போனேன். நீ விழுந்ததாக வெர்ன் அடையாளம் சொன்ன இடத்தில் இறங்கி வாரைத் தரையில் போட்டேன். எங்கள் லாயத்தில் வாரைத் தரையில் விட்டால் அறை விழும். கை கூசியது. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கினேன். கீழே ஓடை ஓடுகிறது. குதிரை நிற்கிற இடத்திலிருந்து தண்ணீர் நன்றாகத் தெரியும். ஜூன் வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

நான் ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதேன். ஆளில்லாத இடம், சத்தமாகவே அழுதேன். மேலே ஏறி வந்தபோது பிஸ்கட் அங்கேயேதான் நின்றது. காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. வாரை எடுத்தேன். தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்திருந்தேன், கொடுத்தேன். பாதிக்கு மேல் வழியிலேயே ஒழுகிவிட்டது.

செப்டம்பர் 21

லாரி வந்தது. காலியாகத் திரும்பிப் போனது. லாரிக்காரன் முணுமுணுத்தான். வெர்ன், "அடுத்த வாரம் தாய்ங்ககிட்டேர்ந்து கன்னுங்களப் பிரிக்கணும். எழும்பி எழும்பி உக்காராம வருவியா?" என்றார். வருகிறேன் என்றேன். வர்ஜீனியாவுக்கு நாளை போன் செய்ய வேண்டும்.

சாயங்காலம் டெல்லா சேணத்தைத் துடைத்துக்கொண்டே, நான் கேட்காததையும் சொன்னாள். நீ விழுந்தது வேலை நடுவில் இல்லையாம். வேலையை முடித்திருந்தாய். சுத்தியல், கம்பிச் சுருள் எல்லாம் சேணத்தில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தாய். ஆகவே குதிரையை நிறுத்திவிட்டு வேலை செய்வதற்காக வாரைக் கீழே போடவில்லை.

பட்டன், விழும்போது வார் உன் கையிலிருந்து நழுவியதா? இல்லை, தனியாகக் கிடக்கப் பயந்து, பிஸ்கட்டைப் போகவிடாமல், நீயேதான் வாரைக் கீழே போட்டாயாடா?