அம்புஜவல்லியின் தறியில் இரண்டாவது ஆள்

3-3-1969

"புத்தகம் ஒசத்தியா டீச்சர், சினிமா ஒசத்தியா?" ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள். அது நடந்து பதினைந்து வருஷம் இருக்கும். புத்தகத்தில் மழை பெய்தால் அவரவர் வீட்டுக் கூரையில் பெய்கிறது, சினிமாவில் எல்லாருக்கும் ஒரே மழை; ஆகவே புத்தகம்தான் என்றேன். எனக்கே அந்தப் பதில் பிடித்திருந்தது.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து நான் பைண்டு செய்து வைத்திருக்கும் தொடர்கதையைப் படமாக எடுக்கிறார்கள்! உதவி டைரக்டர் ராஜவேலு வீடு தேடி வந்தார். "பைண்டுல படமெல்லாம் அப்படியே இருக்குதாமே, பாக்கலாமாம்மா?" கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொன்னேன். கழுவினார்.

7-3-1969

கதையில் வரும் தறிக் காட்சியை இங்கேயே, பிள்ளையார்பாளையத்தில் எடுக்கிறார்களாம். நெய்கிற கைகள் மட்டும் ஒரு தறிக்காரப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அடுத்த தெரு மங்கையர்க்கரசியைச் சொன்னேன். என்னிடம் படித்தவள். அவள் நெசவில் ஒரு குறை காண முடியாது.

9-3-1969

மங்கைக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். வீட்டார் கைவிட்ட அம்புஜவல்லி, அரக்கு உடம்பும் பச்சைக் கரையுமாகத் தன் கல்யாணப் புடவையைத் தன்னந்தனியாக நெய்கிற இடம். வழக்கம்போல என் குரல் உடைந்தது.

"அழுது முடிச்சிட்டீங்களா டீச்சரம்மா? இது ஆவாது."

"ஏன்?"

"ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. இந்தாண்ட நான் நூல் சுத்தின நாடாவைத் தள்ளினா, அந்தாண்ட கரைக்கு இன்னொருத்தர் குந்திக்கினு தள்ளணும். ஒண்டியா எப்படிம்மா நெய்வா? என் கையைக் காட்டி நான் பொய் சொல்ல மாட்டேன். ஊரே சிரிக்கும்."

வகுப்பில் நான் இதை வாசித்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கிளாசுல முப்பது பேரு தறி வூட்டுப் பொண்ணுங்க. எல்லாத்துக்கும் தெரியும். நீங்க அழுதுக்கினு படிச்சீங்க. எவ சொல்லுவா?"

10-3-1969

பத்து வருஷம் அந்தப் பக்கத்தை வாசித்தேன் — ஒருத்தி சிரிக்கக்கூட இல்லையே!

12-3-1969

ராஜவேலு வந்தார். மங்கை மறுத்ததைச் சொன்னேன். "கதையில தனியாத்தானே நெய்யறா? நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க. ஜனங்களுக்கு என்ன தெரியப் போவுது?"

அந்தத் தனிமைதானே அந்தப் பக்கத்தின் உயிர்? இன்னொரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் அப்புறம் என்ன மிஞ்சும்? ஆனால் அந்த முப்பது பேர்... "புத்தகம் தப்பு. நீங்கள் சொல்கிற ஜனங்கள் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள்" என்றேன்.

மெட்ராசிலேயே செட் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். போச்சு. ஊருக்கு வந்த படத்தை நானே விரட்டிவிட்டேனா?

15-3-1969

ராஜவேலு போய்ச் சொன்னதைக் கேட்டு டைரக்டரே வந்தார்! மங்கை வீட்டில் ஒரு மணி நேரம் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரைப் பக்கம் மங்கையின் நாத்தனார் பூவம்மாள். ஒரு பித்தளை அண்டாவுக்காகச் சண்டை போட்டு, போன வருஷப் பொங்கலிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. மங்கை தாடையைத் தூக்கினால் இவள் நாடா தள்ளுவாள். அவ்வளவுதான்.

"ஏம்மா, இவங்க பேசவே மாட்டாங்களா?" என்று டைரக்டர் என் காதோரம் கேட்டார். அண்டா விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து தெருவுக்குப் போய்ச் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்து, "ரெண்டு பேர் கையும் வேணும்" என்றார்.

20-3-1969

எடுத்தாயிற்று. விளக்குச் சூட்டில் பாவில், நீளவாட்டு நூலில், ஏழு இழை அறுந்ததாம். மங்கை எல்லாரையும் நிற்கவைத்து, ஏழு இழையையும் முடிச்சுப் போட்ட பிறகுதான் படம் எடுக்க விட்டாள்.

18-1-1970

படம் ஊருக்கு வந்தது. பாதிக் கதையைக் காணோம், நடுவில் வேண்டாத பாட்டு. மனம் சலித்துக்கொண்டே பார்த்தேன்.

பிறகு தறி. கரைப் பக்கம், கல்யாணத்தையே எதிர்த்த அண்ணன் மனைவி வந்து உட்காருகிறாள். பேச்சில்லை. அம்புஜவல்லி தாடையைத் தூக்குகிறாள். அண்ணி நாடாவைத் தள்ளுகிறாள். பக்கத்தில் ஆள் இருந்தும் அம்புஜவல்லி எவ்வளவு தனியாக இருந்தாள்! கைகள் மட்டும் திரையில் பெரிதாக வந்தன.

"ஏய், மங்கை கைடி!" "கரையாண்ட பூவம்மாடி!" பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. டைட்டிலில் அவர்கள் பெயர் கிடையாது; அதனால் என்ன? எனக்கு உட்காரவே முடியவில்லை. இத்தனை நாள் உயிராக வைத்திருந்த பக்கம், என் கண் முன்னால் இன்னும் நல்ல பக்கமாகிவிட்டது. திருத்தியவள் என் வகுப்புப் பெண்.

எனக்கு இந்தாண்டை மங்கை; அந்தாண்டையிலிருந்து பூவம்மாள் குரல்: "அண்ணி, உன் கை இன்னாத்துக்கு அவ்ளோ கருப்பா இருக்குது?"

"நீ மட்டும் மஞ்சா தேச்சிக்கினு வந்தியே, என்னாண்ட ஒரு வார்த்த சொன்னியாடி?"

19-1-1970

இதை என்றாவது எடுத்துப் படிப்பவருக்கு: உங்களுக்குப் பிடித்த கதையில் ஒரு தொழில் வரும் பக்கத்தை எடுங்கள். அந்தத் தொழிலைச் செய்பவர் எதிரில் உட்கார்ந்து அதை உரக்கப் படியுங்கள்.